மெயில் பெட்டியில் விழும் முன்பே பூட்டிவிடுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் பெட்டியில் வைத்துத் தரும் டவ்காட்டும் போட்டு சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறேன். வருகிற மெயில் எல்லாம் தானாகவே குறியாக்கம் ஆக வழி உண்டா?

பதில்: உண்டு. டவ்காட்டின் சீவ் (வரும் மெயிலை விதிப்படி கையாளும் பகுதி), மெயிலை வெளி நிரல் ஒன்றுக்குக் கொடுத்துத் திருப்பி வாங்கக்கூடியது. ஜிபிஜிட் என்ற பெர்ல் ஸ்கிரிப்டை அங்கே மாட்டினால், உங்கள் பொதுச் சாவியால் பூட்டிய பிறகுதான் மெயில் டிஸ்க்குக்குப் போகும். அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் சர்வரில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

பதில்: அமெரிக்காவின் லாவாபிட் என்ற மெயில் சேவையின் கதைதான் காரணம். அவர்களும் மெயிலைப் பூட்டித்தான் வைத்தார்கள், ஆனால் பயனரின் ரகசியச் சாவியும் அவருடைய கடவுச்சொல்லால் மூடப்பட்டு அதே சர்வரில் இருந்தது. 2013-ல் அரசு, இணைப்பைப் பாதுகாக்கும் சர்வரின் எஸ்எஸ்எல் சாவியைக் கேட்டது. அது கைக்குப் போனால் வந்து போகும் கடவுச்சொற்களையே படிக்கலாம், அப்புறம் பூட்டுக்கு என்ன மதிப்பு? அந்த ஆகஸ்டில் சேவையையே மூடிவிட்டார்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும், வெளி நிரலைக் கூப்பிடும் ஃபில்டர் நீட்சியைத் தெரியாது என்கிறது சீவ்.

பதில்: ஃபில்டர் நீட்சியைப் பொது நீட்சிகளின் பட்டியலில் சேர்த்து, அதைக் கூப்பிடும் சீவ் ஸ்கிரிப்டையும் பொது ஸ்கிரிப்டாக வையுங்கள், தனிப் பயனர் ஸ்கிரிப்டில் ஓடாது. இன்னொன்று, பூட்டும் வேலையைச் செய்யும் ஜிபிஜி நிரல் ஓடுவது உங்கள் பெயரில் இல்லை, மெயிலைப் பெட்டியில் போடும் பயனரின் பெயரில். பொதுச் சாவியை அவருடைய சாவிக்கொத்தில் சேர்க்காமல் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் சேர்த்துவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்பேம் வடிகட்டி?

பதில்: பூட்டுவதற்கு முன்னால். அனுப்பிய தளத்தின் கையொப்பத்தைப் பார்க்கும் டிகேஐஎம் சரிபார்ப்பும் அப்படியே, பூட்டினால் மெயிலின் உடல் மாறி கையொப்பம் பொருந்தாது.

கேள்வி: இனி யாராலும் படிக்க முடியாதா?

பதில்: அப்படி நம்பிவிடாதீர்கள். மெயில் வந்து சேரும் அந்த நேரம், போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் அது திறந்தேதான் இருக்கிறது. சர்வருக்குள் நுழைந்தவன் அன்றிலிருந்து வருவதை நகல் எடுக்கலாம். அதற்கு முன் பூட்டி வைத்தவை அவனுக்குக் கிடைக்காது, இந்த வேலையின் பலன் அதுதான். தலைப்பு, அனுப்பியவர், தேதி மூன்றும் திறந்தே இருக்கும்.

கேள்வி: அனுப்பிய மெயில்கள்?

பதில்: அவை ஐமேப் (மெயில் செயலி சர்வரோடு பேசும் முறை) வழியாக நேரே கோப்புறைக்குள் போகின்றன, டெலிவரி ஸ்கிரிப்ட் தொடாது. அங்கேயும் சீவை ஓடவைக்கும் ஐமேப்சீவைத் தனியாக அமைக்க வேண்டும்.

கேள்வி: தேடல் வேலை செய்யுமா?

பதில்: சர்வரில் உள்ளடக்கத் தேடல் போய்விடும். எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பிப் போகவில்லை. சாவியின் காலாவதித் தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். காலாவதியான சாவியால் ஜிபிஜி பூட்டாது. எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, இரண்டு நாள் மெயில் முழுதும் பூட்டாமலே டிஸ்க்கில் கிடந்தது.