மே மாத ஈசிஆரில் 42 கிலோமீட்டர்: காலை ஏழு மணிக்குப் பிறகு என்ன செய்வீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் இருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் என் முதல் ஃபுல் மாரத்தானை 4 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். மே கடைசி ஞாயிறு கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) மாமல்லபுரத்தில் கிளம்பி முட்டுக்காட்டுப் பக்கம் வரை போய்த் திரும்பும் ஒரு சின்ன மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஃபுல் ஓடுபவர்கள் அறுபது எழுபது பேர்தான் இருப்பார்களாம். அதிகாலை 4 மணிக்குத் தொடக்கம். ‘கடலோரம்தானே, காற்று இருக்கும்’ என்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் திட்டு விழுகிறது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. 4 மணி 15 நிமிடத்துக்கு முயலலாமா? எவ்வளவு தண்ணீர் குடிப்பது? உப்பு மாத்திரை தேவையா?

பதில்: 4:15-ஐ மறந்துவிடுங்கள். வீட்டில் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஓடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜனவரி ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு எதுவும் மே மாதத்தில் செல்லாது.

முதலில் அந்தக் ‘கடல் காற்று’ விஷயம். சென்னைக் கடற்கரையில் மே மாதம் கடல் காற்று உள்ளே வருவது நண்பகலை ஒட்டித்தான், சில நாள் அதற்கும் பிறகு. அதிகாலையில் வீசுவது பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும் தரைக்காற்று, அதுவும் மெலிதாக. நீங்கள் ஓடி முடித்து, குளித்து, டிபன் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகுதான் நண்பர்கள் சொன்ன காற்று வந்து சேரும். கடல் அந்த நேரத்தில் உங்களுக்குத் தருவது ஈரத்தை மட்டும். விடியற்காலை 27, 28 டிகிரி, ஈரப்பதம் 75, 80 சதவீதம் என்பது அங்கே சாதாரணம்.

இந்த ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 70 கலோரி செலவாகும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 700 கலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் உடம்புக்குள் தங்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் கிட்டத்தட்ட 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆக, மணிக்கு ஒரு லிட்டர் வியர்த்தால் கணக்கு நேராகிவிட வேண்டும். கோவையில் அப்படித்தான் நடக்கிறது. ஈசிஆரில் ஒன்றரை லிட்டர் வியர்த்தும் நேராகாது, ஏனென்றால் பாதி வியர்வை ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டிப் போகும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. பனியன் பிழியும் அளவுக்கு நனைந்தால் ‘நன்றாக வியர்க்கிறது, நல்லதுதான்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். மே கடைசியில் சூரிய உதயம் 5:40-ஐ ஒட்டி. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று ஓடினால் 21 கிலோமீட்டர் முடியும்போது மணி 6:27. 30-வது கிலோமீட்டர் 7:30-க்கு. மிச்சம் 12 கிலோமீட்டர் முழு வெயிலில். எந்த மாரத்தானிலும் கடினமான பகுதி அதுதான், இங்கே அதுவே வெயில் ஏறும் நேரமாகவும் அமைந்துவிடுகிறது. வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி என்றொரு அளவு உண்டு. அது 28 டிகிரியை எட்டினால் பொதுமக்கள் ஓடும் சாலை ஓட்டத்தை நிறுத்திவிடுவது நல்லது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல். மே மாதக் கடற்கரையில், இருட்டிலேயே அந்த அளவு 26-ஐ நெருங்கியிருக்கும். வெயில் ஏறி 31 டிகிரி, 70 சதவீத ஈரம் என்று வரும்போது 29-ஐத் தொடும். நீங்கள் ஓடப்போகும் கடைசி 12 கிலோமீட்டர், அந்த வழிகாட்டுதல்படி பொதுமக்கள் ஓடக்கூடாத நேரம்.

உலகத் தரமான வீராங்கனைகளுக்கே இது எளிதல்ல. 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். வெயிலே இல்லை. வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரம் 70 சதவீதத்துக்கு மேல். 68 பேர் கிளம்பி, 28 பேர் பாதியில் விலகினார்கள். வென்றவரின் நேரம் 2:32:43. அவர் தரத்துக்கு அது மிக மெதுவான ஓட்டம்.

ஆகவே என் முதல் யோசனை: ஹாஃபுக்கு (அரை மாரத்தான், 21 கிலோமீட்டர்) மாற்றிக் கேளுங்கள். சின்னப் போட்டிகளில் ஒரு போன் போட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அதே சவுக்குத் தோப்பு, அதே விடியல், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். (கடலோர மாரத்தான் என்று விளம்பரம் செய்தாலும் அந்தச் சாலையில் பாதி தூரம் ரிசார்ட் மதில்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டுக்காட்டு உப்பங்கழி வரும்போதுதான் கண் நிறையும்.)

இல்லை, ஃபுல்தான் என்றால் இலக்கு 4:50-லிருந்து 5:00. அதையும் கடிகாரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். முதல் பாதியில் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால், ஜனவரியில் முதல் பத்து கிலோமீட்டரில் இருந்த துடிப்பைத் தாண்டவிடாதீர்கள். அதே துடிப்புக்கு இங்கே வேகம் குறைவாகத்தான் வரும். அதுதான் உங்கள் அன்றைய வேகம்.

வடக்கே போகும்போது தென்மேற்குக் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். முதுகில் காற்று என்றால் வேகம் கிடைக்கும் என்று தோன்றும். காற்றும் நீங்களும் ஒரே வேகத்தில் போனால் உடம்பைச் சுற்றி அசைவற்ற காற்றுதான் இருக்கும், புழுங்கும். பலர் தங்களை அறியாமல் வேகமாக ஓடிவிடுவதும் அங்கேதான். திரும்பும்போது காற்று எதிரே வரும், வேகம் குறையும், ஆனால் கொஞ்சம் குளிர்ச்சி. அப்போது சூரியன் இடப்பக்கம். கிழக்கு ஓரமாக ஓடினால் மரநிழல் கிடைக்கும், ஆனால் தெற்கு நோக்கி வரும் வண்டிகளும் அந்தப் பக்கம்தான் வரும். எந்தத் தடத்தை மறித்துத் தருகிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். மறிக்கவில்லை என்றால் நிழலுக்கு ஆசைப்படாமல், வண்டி எதிரே தெரியும்படி வலப்பக்கமே ஓடுங்கள். இருட்டில் ஒளிரும் பட்டை கட்டாயம். ஞாயிறு அதிகாலையில் அந்தச் சாலையில் பைக்குகள் பறக்கும் வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

தண்ணீருக்கு வருவோம். கோவையிலேயே ஒருநாள் ஆடையில்லாமல் எடை பார்த்துவிட்டு, புழுக்கமான மாலையில் ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் இதைவிட அதிகமாகவே போகும். போனதை எல்லாம் திருப்பிக் குடிக்க முயலாதீர்கள், ஓடும்போது வயிறு அவ்வளவை ஏற்காது. மணிக்கு 500 முதல் 700 மில்லி, தாகத்தை ஒட்டிச் சின்னச் சின்ன மடக்காக. முடிக்கும்போது எடை இரண்டு சதவீதம் போலக் குறைந்திருந்தால் சரி. ஏறியிருந்தால்தான் ஆபத்து.

இது பலருக்குப் புதிதாக இருக்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள், அதாவது அளவுக்கு மீறிக் குடித்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள்தான் அதில் அதிகம். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது ஆகியவை அறிகுறிகள். அந்த நிலையில் ‘தண்ணி குடிங்க சார்’ என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்.

உப்பு மாத்திரை வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொடி போதும். உலக சுகாதார நிறுவன முறை என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதே நிறத்தில் அடுக்கி வைத்திருக்கும் பழச்சுவைப் பானங்கள் சர்க்கரைத் தண்ணீர். ஒரு லிட்டர் பாக்கெட்டை இரண்டு லிட்டரில் கரைத்தால் ஓடுபவருக்குப் போதிய உப்பு இருக்கும் (வயிற்றுப்போக்குக்கு இப்படி நீர்க்கக் கரைக்கக் கூடாது). இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியம் குறைவு. முடித்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர் இன்னும் நல்லது.

சின்னப் போட்டி என்பதால் எல்லாவற்றையும் நீங்களே யோசிக்க வேண்டியிருக்கும். ஹாஃப் ஓடுபவர்கள் போன பிறகு தண்ணீர் மேசையில் காலிக் கேன்தான் மிஞ்சும், மேசையில் நின்ற பையனும் போட்டோ எடுக்கப் போயிருப்பான். அரை லிட்டர் பாட்டில் பெல்ட்டும் பொடியும் உங்களோடு இருக்கட்டும். முடிந்தால் 30-வது கிலோமீட்டரில் ஒருவரை ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் நிற்கச் சொல்லுங்கள். ஈரக் காற்றில் தலையில் தண்ணீர் ஊற்றுவதால் பலன் குறைவு, ஐஸ்தான் வேலை செய்யும். கைக்குட்டையில் ஐஸ் கட்டிகளைச் சுற்றிக் கழுத்தில் கட்டுங்கள், தொப்பிக்குள் இரண்டு போடுங்கள். தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டுமென்றால் முன்னால் குனிந்து பிடரியில் ஊற்றுங்கள். ஷூ நனைந்தால் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் கொப்புளம். தொடையிடுக்கிலும் மார்க்காம்பிலும் வாசலின், தாராளமாக.

நடத்துபவர்களிடம் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி: ஐஸ் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறீர்களா? ஆம்புலன்ஸ் இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஃபால்மத் என்ற ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஏழு மைல் ஓட்டம் நடக்கிறது, 1973 முதல். கோடை, கடல், ஈரம் எல்லாம் நம் கதைதான். அங்கே 18 ஆண்டுப் பதிவுகளில் 274 பேருக்கு ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்கு ஏற்பட்டது. ஒருவர்கூடச் சாகவில்லை. காரணம், விழுந்தவரை உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். அரை மணி நேரத்துக்குள் உடம்பு குளிர்ந்தாக வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரி. பிளாஸ்டிக் தொட்டியும் ஐஸும் பெரிய செலவில்லை, மீனவ ஊர்களில் ஐஸுக்கா பஞ்சம்? தொட்டி இல்லை என்று பதில் வந்தால் ஃபுல் ஓடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெப்பத் தாக்கு வந்தவருக்கு வியர்வை நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஓடுபவர்களுக்கு வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். பார்க்க வேண்டியது புத்தியை: கோணலாக ஓடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது என்பதால், அந்த ஸ்கூட்டர்காரரிடம் இதைச் சொல்லி, ‘நான் சரியாக இல்லை என்று பட்டால் நிறுத்திவிடு, நான் கத்தினாலும் விடாதே’ என்று சொல்லிவையுங்கள்.

இந்த ஐந்து வாரத்தில் தூரத்தைக் கூட்டுவதைவிட வெயிலுக்குப் பழகுவதே முக்கியம். 28, 30 கிலோமீட்டர் நீள ஓட்டம் ஒன்றிரண்டு போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அதிகாலை ஓடிப் பழகிய உடம்பு கடற்கரைக்குத் தயாராக இருக்காது. கடைசி மூன்று வாரம், வாரத்தில் நான்கைந்து நாள், மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் மெதுவாக ஓடுங்கள். பத்துப் பதினான்கு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், துடிப்பு இறங்கும். நிறுத்தினால் சில நாளிலேயே பலன் கரையத் தொடங்கும் என்பதால் கடைசி வாரமும் இரண்டு மாலை ஓடிவிடுங்கள். இரண்டு நாள் முன்னதாக வந்து தங்கினால் நல்லது. ஐந்து ரதமும் அர்ச்சுனன் தபசும் ஓட்டம் முடிந்த பிறகு. சனிக்கிழமை வெயிலில் கருங்கல்லைச் சுற்றிவந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கால் இருக்காது.

ஞாயிறு இரண்டரை மணிக்கு இரண்டு மூன்று இட்லி, காபி பழக்கமிருந்தால் அதுவும். முந்தைய வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் ஓடாதீர்கள், பணம் போனால் போகட்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, சளிக்கோ அலர்ஜிக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். வலி மாத்திரை, குறிப்பாக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், முதல் நாளும் வேண்டாம், அன்றும் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

மெடல் வாங்கிய கையோடு கடலில் இறங்குவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. தசை இழுக்கும் காலோடு அந்தக் கடலில் இறங்காதீர்கள், அங்கே அலையும் நீரோட்டமும் பொல்லாதவை. நிழலில் கொஞ்சம் நடந்துவிட்டு மோர் குடியுங்கள். ஊருக்குப் போன பிறகும் இரண்டு நாள் சிறுநீரைக் கவனியுங்கள். கோலா நிறத்தில் போனாலோ, போகவே இல்லை என்றாலோ, அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், வெயிலில் மாரத்தான் ஓடியதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.