ரூட்டர் கேள்வி-பதில்: மழை, இடி, எறும்பு, வெட்டுக்கல் சுவர்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஒரே மாதிரி: "நெட் அடிக்கடி கட் ஆகிறது, எந்த ரூட்டர் வாங்கலாம்?" பல பேருக்கு என் பதில், இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்பதுதான். ரூட்டரின் எல்லா விளக்கும் அணைந்து ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தால் அது கரண்ட் விஷயம். பவர் விளக்கு அப்படியே இருக்க, 'LOS' என்று எழுதியிருக்கும் லாஸ் விளக்கு சிவப்பானால் லைன் விஷயம். சிவப்பு எதுவும் இல்லாமல் விளக்குகள் பச்சையாக இருந்து, உங்கள் போனில் மட்டும் நெட் வராவிட்டால் வைஃபை விஷயம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அடுத்த முறை எழுதும்போது விளக்கைப் பார்த்து ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், பாதி வேலை மிச்சம்.

வடிவீஸ்வரம், நாகர்கோவில்: பகலில் ரூட்டர் நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் பிள்ளைகள் வந்து எல்லாரும் போனை எடுத்ததும் விளக்கெல்லாம் அணைந்து, இரண்டு நிமிடத்தில் தானாகவே வருகிறது. லோ வோல்டேஜ், ஸ்டெபிலைசர் வையுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். வைக்கலாமா சார்?

வேண்டாம். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240 வோல்ட்' என்று இருக்கும். அதாவது 150 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. உங்கள் வீட்டில் அந்த அடாப்டரே தளர்ந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் வருடக்கணக்காக இருந்து வறண்டுபோகும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் தரும். பத்து போன் ஒன்றாக இழுக்கும்போது ரூட்டர் கூடுதல் கரண்ட் கேட்கும், அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து ரூட்டர் அணைந்து எழும்பும். மீட்டரை வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் அப்போது லோடு இல்லை. இதில் ஏமாந்துதான் பலர் நல்ல ரூட்டரைத் தூக்கிப் போடுகிறார்கள்.

புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். ரூட்டருக்கு 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்றால் 12 வோல்ட் 2 ஆம்பியர் போடலாம். 12 வோல்ட் 0.5 ஆம்பியர் போடக்கூடாது. வீட்டில் கிடக்கும் பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டிவிட்டு "இதிலும் அப்படித்தான் சார்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். முனை தளர்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயரை லேசாக ஆட்டினால் விளக்கு மினுங்கினால் அதுவும் இதே நோய்தான். பிளஸ், மைனஸ் படம் இரண்டு லேபிளிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், பெரும்பாலும் நடு ஊசி பிளஸ்.

இன்னொன்று, ரூட்டரைச் செட்டாப் பாக்ஸின் தலையில் வைத்திருந்தால் இறக்கி வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சூடாக்கும்.

குலசேகரம்: மழை பெய்தால் லாஸ் விளக்கு சிவப்பு. வெயில் வந்ததும் சரியாகிவிடும். ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது, போய்விடுகிறார்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. அதிலும் உங்கள் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குள்ளே மரத்துக்கு மரம் கட்டி லைன் வரும். ரூட்டரைக் குற்றம் சொல்லவே வேண்டாம், லாஸ் சிவப்பு என்றால் ஒளி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பைபருக்குள் போவது வெளிச்சம். ஈரத்தால் அது நேரடியாகக் கெடாது. ஆனால் இணைப்புப் பெட்டியின் மூடி சரியில்லாமல் தண்ணீர் இறங்கினால், அல்லது நனைந்த கிளை சாய்ந்து ஒயரை அழுத்தி வளைத்தால், வெளிச்சம் வழியிலேயே கசிந்துவிடும். காய்ந்ததும் கிளை எழும்பும், சிவப்பு விளக்கு அணையும். ஆள் வரும்போது எல்லாம் சரியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு எண்: ஒளி அளவு எத்தனை டிபிஎம் (dBm, வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் அலகு)? ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே பலவற்றில் இது தெரியும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வீட்டுப் பைபர் கருவிகள் பொதுவாக மைனஸ் 27 வரை தாக்குப்பிடிக்கும், அதைத் தாண்டினால் சிவப்புதான். 3 குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று கணக்கு. வெயில் நாளிலேயே மைனஸ் 25, 26 என்று காட்டினால், மழைக்குத் தாங்க இடமே இல்லாத லைன் அது. வெயிலில் ஒரு அளவு, மழையில் ஒரு அளவு என்று திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். "நெட் வரவில்லை" என்பதைவிட இந்தப் புகாருக்கு மரியாதை கூடுதல்.

வீட்டுக்குள்ளே மிச்ச ஒயரை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிச் சுருட்டியிருந்தால் அவிழ்த்துப் பெரிய வளையமாக விடுங்கள். பச்சை நிற முனையைக் கழற்றி உள்ளே கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதற்காகக் கெடுதல் செய்யாமல் இருக்காது.

அருமனை: போன ஐப்பசியில் இடி விழுந்து ரூட்டர் போயிற்று. சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தோம். பைபரில் கரண்ட் வராது என்றார்களே?

பைபர் இழையில் வராது, உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் அது வர இன்னும் மூன்று வழி உண்டு.

முதல் வழி அடாப்டர். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கு. வானத்திலிருந்து இறங்கி வந்ததற்கு அது ஒரு தடையே இல்லை. ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயரோடு சேர்ந்து வரும் எஃகுக் கம்பி. பாரம் தாங்குவதற்காக வைத்தது. சிலர் அதை வெட்டாமல் அப்படியே ஜன்னல் வழியாக மேஜைவரை கொண்டு வந்துவிடுகிறார்கள். வெளிச்சுவரில் கொக்கியில் கட்டி அங்கேயே வெட்டி, பைபரை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் பலருக்குத் தோன்றாது: மாடியிலும் கேட்டிலும் இருக்கும் கேமராக்களிலிருந்து வரும் லேன் கேபிள். முழுக்கச் செம்பு. கேமராப் பெட்டி வழியாக ரூட்டருக்குள் நேராக வந்துவிடும். இடி கேட்டதும் ப்ளக்கோடு சேர்த்து அந்த லேன் ஒயரையும் கழற்றி விடுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். இடி தலைக்கு மேலே வந்தபிறகு போய் ஒயரைத் தொட வேண்டாம், ரூட்டர் போனால் போகட்டும்.

திடீரென்று பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் உதவும், வீட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால். எர்த் கம்பி காய்ந்த மண்ணில் துருப்பிடித்துக் கிடந்தால் அது வெறும் எக்ஸ்டென்ஷன் போர்டு.

தோவாளை: ரூட்டருக்குள் எறும்பு குடியேறிவிட்டது. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள், போர்டு கெட்டுவிடும். ப்ளக்கைப் பிடுங்கி, ரூட்டரை வெளியே கொண்டுபோய்க் காற்றோட்டத் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து மெல்லத் தட்டுங்கள். சூடு ஆறினால் அவை தாமாகவே வேறு இடம் பார்க்கும். அப்புறம் ரூட்டரைச் சுவரில் ஆணியில் மாட்டி, ஒயர் வரும் வழியில் மட்டும் எறும்புச் சாக்பீஸ் கோடு போடுங்கள்.

தக்கலை: அப்பா காலத்து வெட்டுக்கல் வீடு. முன்னறையில் ரூட்டர், அடுக்களையில் ஒரு கோடுகூட வரவில்லை. ரிப்பீட்டர் வாங்கி அடுக்களையில் மாட்டினேன். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் வீடியோ ஓடவில்லை.

போனில் தெரியும் கோடுகள் உங்கள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள உறவைத்தான் சொல்கின்றன. ரிப்பீட்டருக்கே முன்னறையிலிருந்து அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. கிடைக்காததை அது எங்கிருந்து தரும்? அடுக்களையில் மாட்டாமல், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடு அறையில் மாட்டிப் பாருங்கள். கொஞ்சம் தேறும். ஆனால் விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

வெட்டுக்கல் சுவரின் தடிமனே பெரிய தடை, மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் இன்னும் தடுக்கும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அந்த மாதிரி இரண்டு சுவருக்கே மூச்சு வாங்கும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது லேன் கேபிள்தான். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் வாங்கினாலும், அந்தப் பெட்டிகளுக்கிடையே கேபிள் இழுத்தால்தான் இந்தச் சுவர்களில் முழுப் பலன்.

பழைய ரூட்டர் ஒன்று அலமாரியில் கிடக்குமே, அது போதும். கேபிளில் இணைத்து அதன் அமைப்புக்குள் போய், மெயின் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். டிஹெச்சிபி என்பதை அணையுங்கள். முகவரி பங்கிடுகிற வேலையை வீட்டில் ஒருவர்தான் செய்ய வேண்டும், இருவர் செய்தால் சண்டை. பெயரும் பாஸ்வேர்டும் மெயின் ரூட்டரில் உள்ளவையே வைக்கலாம், சானல் மட்டும் வேறு. 2.4இல் 1, 6, 11 என்ற மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அப்புறம் முன்னறையிலிருந்து வரும் ஒயரை இதன் லேன் (LAN) துளையில் செருகுங்கள், வெளி லைனுக்கான வான் (WAN) துளையில் அல்ல. அவ்வளவுதான்.

ஒயர் கேட்-5இ இருந்தாலே போதும், 100 மீட்டர் வரை தாங்கும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். முனையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். உத்தரத்தை ஒட்டி இழுங்கள், வெட்டுக்கல்லைத் துளைப்பது பெரிய காரியமல்ல, கான்கிரீட்டைவிடச் சுலபம்.

குளச்சல்: 200 எம்பிபிஎஸ் பிளான். டிவியிலும் கணினியிலும் 95ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

95 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் துளை இருக்கிறது. டிவியைப் பொறுத்தவரை அதன் லேன் துளையே பெரும்பாலும் 100தான், கேபிளை எடுத்துவிட்டு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விடுங்கள். கணினிக்கு ரூட்டரின் லேன் துளை கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்று பாருங்கள். ஆம் என்றால் ஒயரின் முனையைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும், 100க்கு நான்கே போதும். கடல் காற்றில் ஒரு முனை பச்சை பிடித்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரு சாண் வெட்டி, புதுத் தலை கிரிம்ப் செய்தால் தீர்ந்தது. ரூட்டரைக் கடல் பார்த்த ஜன்னலில் வைக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி: காற்றுக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. மினி யுபிஎஸ் எத்தனை மணி நேரம் வரும்?

பெட்டியில் 10,000 எம்ஏஹெச் என்று பெரிதாக இருக்கும். அது 3.7 வோல்ட் கணக்கு, ஆக 37 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும், 30 என்று வையுங்கள். ரூட்டர் 10 வாட் தின்றால் மூன்று மணி நேரம். உங்கள் ஊர்க் காற்றுக்கு அது தாராளம். வாங்கும்போது 12 வோல்ட் வெளியீடு உங்கள் அடாப்டரின் ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழியில் உள்ள பைபர் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் நெட் கொடுப்பவரின் அலுவலகக் கருவிக்குத் தேவை. அங்கே பேட்டரி தீர்ந்தால் உங்கள் யுபிஎஸ் சும்மா விளக்கு எரிக்கும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்து கம்பங்கள் சாய்ந்ததே, அந்த மாதிரி நாட்களுக்கு மினி யுபிஎஸ் பதிலே அல்ல.

கருங்கல்: பையன் ஒரு ஊசியை விட்டு ரீசெட் அழுத்திவிட்டான். இப்போது எதுவும் வரவில்லை.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் உங்கள் யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். நெட் கொடுத்தவரை அழைத்து அவற்றை வாங்குங்கள், விலான் எண் (சில லைன்களுக்கு ரூட்டரில் கொடுக்க வேண்டிய VLAN எண்) உண்டா என்றும் கேளுங்கள். இந்த முறை அதை ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே எழுதி வையுங்கள்.

துபாயிலிருந்து, சொந்த ஊர் கிள்ளியூர்: அம்மா தனியாக இருக்கிறார்கள். கேமராவை இங்கிருந்து பார்க்க, ரூட்டரில் வெளியிலிருந்து வருவதற்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வேர்டிங் செய்யச் சொன்னேன். கடைக்காரர் செய்தும் திறக்கவில்லை.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, வெளி லைனில் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி) என்ன என்று அம்மாவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரிதான் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே கதவிலக்கத்தில் பல குடித்தனம் மாதிரி, வெளியிலிருந்து வரும் தபால் எந்த வீட்டுக்கு என்று தெரியாது. கடைக்காரர் எத்தனை முறை செய்தாலும் திறக்காது.

கேமரா நிறுவனத்தின் சொந்தச் செயலியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து சேர்த்தால், கேமராவே வெளியே வந்து இணையும், போர்ட் எதுவும் திறக்க வேண்டாம். அது ஒத்துவராவிட்டால் மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து உங்கள் வீட்டுக்கென்றே நிலையான பொது ஐபி வாங்கலாம். ஆனால் போர்ட் திறந்த கேமராவை உலகமே தட்டிப் பார்க்கும், அதனால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். எந்த வழியானாலும், அட்மின் 12345 என்று வந்த பாஸ்வேர்டை அடுத்த முறை ஊருக்கு வரும்வரை காத்திராமல், கடைக்காரரைக் கொண்டு இன்றே மாற்றச் சொல்லுங்கள்.