கனடாக் கஞ்சா முந்தியைவிட வீரியமோ? வெள்ளவத்தைத் தம்பிக்குப் பதில்

தம்பி, வெள்ளவத்தையிலிருந்து ரொறன்ரோவுக்குப் படிக்க வரப்போறீர். அறை, பகுதிநேர வேலை, கஞ்சா முந்தியைவிட வீரியமோ என்று மூன்று விசயம் கேட்டிருக்கிறீர். முதல் இரண்டையும் சொல்லித்தர இங்கே ஆயிரம் பேர் இருக்கினம். மூன்றாவதைத்தான் எங்கட ஆக்கள் “அது வெறும் மூலிகை” என்று தட்டிக் கழிக்கினம். எனக்குக் கோபம் வாற இடம் அதுதான்.

ஓம், வீரியம் கூடித்தான் போச்சு. அமெரிக்காவில் பிடிபடும் கஞ்சாவை மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சோதிக்கிறது. போதை தரும் ரி.எச்.சி. 1995இல் சராசரி 4 வீதம், 2014இல் 12 வீதம். இன்று ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணக் கடைகளில் 20 வீதத்துக்கு மேற்பட்ட பூவே சாதாரணம். மகரந்தம் படாமல் வளர்த்த பெண்பூ விதைக்குச் சத்தைச் செலவழிக்காமல் ரி.எச்.சி. நிறைந்த பிசினைச் சுரக்கும். அதோடு அறைக்குள் விளக்கு வெளிச்சம், தெரிந்தெடுத்த இனம். கொழும்பில் ‘கேரளக் கஞ்சா’ என்று பிடிபடும் விதையும் தண்டும் கலந்த பொதியை வைத்து இதைக் கணக்குப் போடாதேயும்.

அரைக் கிராம் சுருளில் 4 வீதம் என்றால் 20 மில்லிகிராம் ரி.எச்.சி., 20 வீதம் என்றால் 100. லேபிளில் இரண்டு எண் இருக்கும். சூடாக்கினபிறகு வருவது ‘மொத்த ரி.எச்.சி.’, அதைப் பாரும். கிராமுக்கு 200 மில்லிகிராம் என்றால் 20 வீதம். வடித்தெடுத்த சாறுகள் 60 வீதத்தையும் தாண்டும். அந்தப் பக்கமே போகவேண்டாம்.

புதுசா வாற பெடியள் கூடுதலா மாட்டுப்படுவது கஞ்சா கலந்த தின்பண்டத்தில். சட்டப்படி ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் ரி.எச்.சி.தான். போதை ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலம் எடுக்கும். “ஒண்டும் செய்யேல்லை” என்று இன்னொன்றைத் தின்றால் இரண்டும் சேர்ந்து தூக்கும்: நெஞ்சு படபடப்பு, பயம், வாந்தி. அனுமதியில்லாத இணையக் கடைப் பொதிகளில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். குடும்பத்தில் ஆருக்கும் மனநோய் இருந்தால் தொடவே வேண்டாம்.

90களில் எங்கட சனம் ரொறன்ரோவின் ஸ்காபரோ நிலக்கீழ் அறைகளில் நெருக்கியடித்து இருந்த காலத்தில் இது முழுக்கக் களவு வியாபாரம், லேபிளும் இல்லை. கஞ்சா சட்டப்படி ஆனது 2018 ஒக்டோபர் 17இல்தான். லேபிளை வாசிக்கப் பழகினம், சட்டத்தையும் பழகினம். ஒன்ராறியோவில் கஞ்சா வாங்க வயது 19. புதுச் சாரதிக்கு உடம்பில் துளியும் இருக்கக்கூடாது. போதையில் வாகனம் ஓட்டுவது 2018 டிசம்பர் 18 முதல் 10 வருடம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அதில் தீர்ப்பானால் நிரந்தர வதிவிடம் உள்ளவரையே நாட்டைவிட்டு அனுப்பலாம். மாணவர் விசாவில் நிற்கிறவரின் நிலையை நீரே யோசியும்.

அம்மாவின் முழங்கால் நோவுக்கு என்று, கஞ்சாச் செடியில் எடுக்கிற, போதை தராத சி.பி.டி. எண்ணெய்ப் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டுநாயக்கா போகிற ஆக்களும் இருக்கினம். கனடாவை விட்டு அதைக் கொண்டுபோவதே குற்றம், மருத்துவர் துண்டு இருந்தாலும்தான்.