முதல் மொத்த மெயில்: 1,800 பேருக்கும் ஒரே நாளில் வேண்டாம்

வணக்கம். மூன்று வருடத்தில் சேர்ந்த 1,800 வாடிக்கையாளர் முகவரிகளுக்கும் தள்ளுபடி அறிவிப்பை உங்கள் ஜிமெயிலிலிருந்தே பிசிசி (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி அனுப்பும் முறை) போட்டு வெள்ளிக்கிழமை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. தாண்டினால் அனுப்பும் வசதியையே தற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள். ஆர்டர் கொடுத்தவருக்குப் பதில்கூடப் போட முடியாது.

மொத்த மெயிலுக்கென்றே இருக்கும் சேவை ஒன்றில் சேர்ந்து, கடையின் சொந்த டொமைன் (கடைக்கென்று பதிவு செய்த இணையப் பெயர்) முகவரியிலிருந்து அனுப்புங்கள். அந்த டொமைனின் அமைப்புப் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சேர்க்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்கள் கடையிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள் இவை. என்ன சேர்ப்பது என்று அந்தச் சேவையே காட்டும். பிறகு உங்களுக்கே ஒன்று அனுப்பி, ஜிமெயிலில் அந்த மெயிலின் மூலவடிவத்தை ('Show original') திறந்து பாருங்கள். மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று வரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் பட்டியல்தான். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். உங்கள் 1,800-ல் அது ஐந்தாறு பேர். மூன்று வருடம் முன்பு ஒரே ஒரு பொருள் வாங்கியவருக்குக் கடையின் பெயரே மறந்திருக்கும். யாரோ என்று நினைத்து ஸ்பேம் பொத்தானை அழுத்திவிடுவார். நானும் முதல் தடவை பழைய முகவரிகளையெல்லாம் சேர்த்து அனுப்பினேன். அப்புறம் ஆர்டர் உறுதி மெயில்கள்கூட ஸ்பேமுக்குப் போயின. அது சரியாவதற்கு இரண்டு மாதம் ஆனது.

அதனால் அறிவிப்பு மெயிலுக்குச் சம்மதித்தவர்களை மட்டும் வையுங்கள். அவர்களிலும் கடந்த ஆறு மாதத்தில் வாங்கிய இருநூறு பேருக்கு முதலில் அனுப்புங்கள். விலகும் இணைப்பு ஒரே சொடுக்கில் வேலை செய்யட்டும். இரண்டு நாள் பொறுத்து, மெயில் போய்ச் சேராமல் திரும்பி வந்த முகவரிகளை நீக்கிவிட்டு அடுத்த இருநூறுக்குப் போங்கள்.