நமக்குக் கிடைத்ததை "ஆசீர்வாதம்" என்று சொல்லும்போது, அது கிடைக்காதவர்களைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் என்ன நினைக்க வேண்டும்?

இந்தக் கேள்வி என்னை முதன்முதலில் உறுத்தியது என்னுடைய புது வீட்டின் பிரதிஷ்டை ஜெபத்தில். சபைப் போதகரான ஐயர் ஜெபித்து முடித்ததும் சாட்சி சொல்ல எழுந்த நான், "எங்கள் தாத்தா கர்த்தருக்குப் பயந்து நடந்தார்; அதனால்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக உயர்ந்திருக்கிறது" என்றேன். பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த, தாத்தாவின் தம்பி பேரனும் "ஆமென்" என்றார். எனக்கு அண்ணன் முறையான அவர், தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்.

தாத்தாவும் அவர் தம்பியும் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் பனையேறியின் பிள்ளைகள். மிஷனரிகள் நடத்திய விடுதிப் பள்ளியான மிஷன் போர்டிங்கில் அந்த வீட்டுக்கு ஓர் இடம்தான் கிடைத்தது. மூத்தவர் என்பதால் தாத்தா போய்ப் படித்து ஆசிரியரானார். சின்னத் தாத்தா தகப்பனாரோடு பனை ஏறினார். பருவ காலத்தில் நாளொன்றுக்கு 30, 40 பனைகளில் காலையும் மாலையும் ஏறிப் பாளை என்னும் பூங்குலையைச் சீவுகிற வேலை அது. அவர் பதநீர் இறக்கினாரே தவிரக் கள் இறக்கியதில்லை. பாளை தினமும் சுரக்கும் என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை மரத்தில் கால் வைக்காமல், வாரம் ஒரு நாள் வருமானத்தைக் கர்த்தருக்கென்று விட்டுக்கொடுத்தார். மாதச் சம்பளம் வாங்கிய என் தாத்தாவுக்கோ ஓய்வுநாளை ஆசரிப்பதில் ஒரு காசும் நட்டமில்லை. தேவபயத்துக்குக் கிடைத்த கூலிதான் எங்கள் உயர்வு என்றால், அந்தக் கூலி முதலில் சின்னத் தாத்தாவின் வீட்டுக்கல்லவா போயிருக்க வேண்டும்? அவர் பேரன் முன்னால் நான் சொன்ன சாட்சி, அந்த மனிதருடைய விசுவாசத்தின் மீது சொல்லப்பட்ட பொய்ச்சாட்சி என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

லூக்கா 18-ஆம் அதிகாரத்துப் பரிசேயனின் ஜெபத்தைப் பெருமைக்காரனின் ஜெபம் என்றே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் அது "தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் தொடங்குகிறது. தனக்குள்ளதெல்லாம் தேவனிடமிருந்து வந்தது என்பதை அவன் மறுக்கவே இல்லை. பின்னால் நின்ற, வரி வசூலிப்பவனான ஆயக்காரனைத் தன் நன்றிக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டதில்தான் அவன் தவறினான். ஆகவே, "எல்லாம் அவர் கிருபை" என்று சொல்லிவிட்டாலே தாழ்மை வந்துவிடும் என்று நான் இப்போது நம்புவதில்லை.

என் தாத்தாவின் இடத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்திலேயே தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு கிறிஸ்தவர்களுக்குக் கிடையாது. அந்தப் பட்டியலில் சீக்கியர்கள் 1956-லும் பௌத்தர்கள் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடப்படுகிறார்கள். அதாவது, மூன்று தலைமுறைப் படிப்போடு வந்த நானும், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அவர்கள் பிள்ளையும் ஒரே பட்டியலில் நின்று கல்லூரி இடத்துக்குப் போட்டியிட்டோம். எனக்குக் கிடைத்தது. அதற்காக ஆலயத்தில் நன்றிக் காணிக்கையும் படைத்தோம். காணிக்கைப் பையை ஏந்தி வந்தவர் அந்தப் பிள்ளையின் தகப்பனார்.

இதைச் சொல்லும்போது, "அப்படியானால் வீட்டையும் வேலையையும் விட்டுவிட வேண்டுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குற்ற உணர்வில் குமைவது என் பார்வையை மறுபடியும் என் மீதே திருப்புகிறதே தவிர, உப்பளத்து அண்ணனுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. எனக்கு வழி காட்டியது ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் பயன்படுத்தும் "கடனாளி" என்ற சொல். அவர் கிரேக்கரிடமோ அந்நியரிடமோ எதையும் கடன் வாங்கியவரல்லர். தேவனிடம் இலவசமாகப் பெற்றதனாலேயே அவர்களுக்குக் கடனாளியானார்.

அண்ணனின் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். கட்டணத்தில் ஒரு பங்கை நான் கட்டுகிறேன். அதை உதவி என்று யாராவது சொன்னால், ஒரே இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் நின்ற கதையைச் சொல்லித் திருத்துகிறேன். சென்ற ஆண்டு, சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் சாட்சி சொல்ல அழைத்தபோதும், சின்னத் தாத்தா ஏறாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான் பேசினேன். அண்ணன் அன்றைக்கு "ஆமென்" சொல்லவில்லை. தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார்.