அண்ணப் பிளவும் காதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: என் பேரனுக்கு எட்டு மாதம். மேலண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில், பிளவு. காதில் வலியோ சீழோ இல்லை. பிறகு எதற்குக் காது டாக்டர்?

வலி இல்லாததுதான் சிக்கலே. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் வரை ஒரு குழாய் போகிறது. நாம் விழுங்கும்போது அது திறந்து காதுக்குள் காற்று போகும். அதைத் திறந்துவிடும் தசை மேலண்ணத்தில் இருக்கிறது. அண்ணம் பிளந்திருந்தால் தசைக்குச் சரியான பிடிமானம் இராது, குழாயும் திறக்காது. உள்ளே நீர் கோத்து, போகப்போகப் பசையாகக் கெட்டிப்படும். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது வருகிறது. டிம்பனோமெட்ரி என்ற சோதனையில் தெரிந்துவிடும். ஊசி கிடையாது, சில நிமிட வேலை.

கே: பிறந்தபோது காது டெஸ்டில் 'பாஸ்' என்றார்களே?

அது அன்றைய நிலவரம். நீர் பிறகும் சேரும்.

கே: அண்ணம் தைத்தாயிற்று. இனி காது தானாகச் சரியாகுமா? கூப்பிட்டால் திரும்புகிறான்.

சிலருக்குச் சரியாகும். பலருக்குப் பள்ளி வயதுவரை நீர் வருவதும் வடிவதுமாக இருக்கும். கேட்கும் திறனில் இழப்பு பெரும்பாலும் 20 முதல் 40 டெசிபலுக்குள்தான், அதனால் உரக்கக் கூப்பிட்டால் திரும்பத்தான் செய்வான். சொல்லின் கடைசி எழுத்துதான் நழுவும்: போனானா, போனாளா? பேச்சு தெளியவில்லை என்றால் பழியை முழுக்க அண்ணத்தின் மேலேயே போட்டுவிடுகிறோம். பேச்சுப் பயிற்சிக்குப் போகும் குழந்தைக்குக் காதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்பேன்.

கே: காதில் டியூப் வைக்கச் சொல்கிறார்கள். மருந்திலேயே தீராதா?

சளி சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் இந்த நீரை வடிக்காது. காய்ச்சிய எண்ணெய் விடவே வேண்டாம். செவிப்பறையில் வைக்கும் க்ரோமெட் எனும் அந்தக் குட்டிக் குழாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானே விழுந்துவிடும். சிலருக்கு மறுபடி வைக்க நேரும். சீழ் வடிவது, செவிப்பறையில் ஓட்டை நின்றுவிடுவது போன்ற தொல்லைகளும் உண்டு. எல்லோருக்கும் அது தேவையில்லை. கேட்கும் கருவியும் ஒரு நல்ல வழி, டாக்டரிடம் கேளுங்கள்.

கே: மகளுக்கு எட்டு வயது. ஆடியோகிராம் (எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) நார்மல். ஆனால் வகுப்பில் பாடம் பிடிபடவில்லை என்கிறாள்.

நம்புங்கள், சாக்குச் சொல்லவில்லை. ஆடியோகிராம் அமைதியான அறையில் எடுப்பது. வகுப்பில் மின்விசிறி, நாற்பது பிள்ளைகள். காதுக்கு வந்த ஒலியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது மூளையின் வேலை. அண்ணப் பிளவுள்ள சில குழந்தைகள் இதில் தடுமாறுவதை ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. சிறுவயதில் விட்டுவிட்டுக் கேட்டது ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் டிம்பனோமெட்ரியைத் திரும்ப எடுங்கள். போன மாதம் இல்லாத நீர் இந்த மாதம் இருக்கலாம். அதுவும் சரியென்றால், இரைச்சலில் பேச்சைக் கேட்கும் சோதனைகளைச் செவித்திறன் நிபுணர் செய்வார். ஏழு வயதுக்கு மேல்தான் அவற்றின் முடிவை நம்ப முடியும், உங்கள் மகளுக்கு அந்த வயது ஆகிவிட்டது. அதுவரை முன் பெஞ்சு, டீச்சர் முகம் தெரியும் இடம்.

கே: உதட்டில் மட்டும் பிளவு இருந்தால்?

காதுக்கு ஆபத்து குறைவு. ஆனால் வாய்க்குள் மேலண்ணத்தை மூடிய சவ்வுக்கடியில் அண்ணப் பிளவு ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.