உதட்டில் ரவை தூவியதுபோல்: தோல் மருத்துவரிடம் சில கேள்விகள்

(குழந்தைகளின் தோல் பற்றி மதுரை வட்டாரத்துப் பெற்றோர் கேட்டவை.)

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 11 வயது. மேலுதட்டு ஓரத்தில் ரவை தூவியதுபோல் மஞ்சள் புள்ளிகள். வலியோ அரிப்போ இல்லை. என்ன நோய்?

நோயே இல்லை, அம்மா. அவை எண்ணெய்ச் சுரப்பிகள். பொதுவாக முடியின் வேரையொட்டி இருப்பவை. முடி முளைக்காத உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சில தங்கிவிடுகின்றன. பிறவியிலேயே உண்டு. பருவ வயது நெருங்கும்போது ஹார்மோன்களால் பருத்துக் கண்ணில் படுகின்றன. அளவு 1 முதல் 3 மில்லிமீட்டர். 1896-இல் இவற்றை விவரித்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபோர்டைஸின் பெயராலேயே 'ஃபோர்டைஸ் புள்ளிகள்' என்கிறோம். கண்ணாடி முன் நின்று உங்கள் உதட்டைச் சற்று இழுத்துப் பாருங்கள். பெரியவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம்.

மேலூர்: சுண்ணாம்பு தடவினால் உதிர்ந்துவிடும் என்கிறார் மாமியார்.

சுண்ணாம்பு வெற்றிலையோடு நிற்கட்டும். அதன் காரம் உதட்டின் மெல்லிய தோலைப் பொசுக்கிவிடும். புள்ளி போகாது, புண்தான் வரும். அப்படிப் பொசுங்கிய உதடுகளோடு வந்த பிள்ளைகளுக்கு மருந்து போட்டிருக்கிறேன். எரிச்சலில் சாப்பிடவே அழுவார்கள்.

உசிலம்பட்டி: அக்காவும் தம்பியும் ஒரே தம்ளரில் பருத்திப்பால் குடிக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது.

செல்லூர்: பிறந்து 12 நாளான பேத்திக்கு மூக்கு நுனி முழுக்க மஞ்சள் பொடிப்புள்ளிகள். குளிப்பாட்ட வரும் பாட்டி, பிதுக்கி எடுத்தால்தான் மூக்கு எடுப்பாக இருக்கும் என்கிறார்.

அவர் கையைத் தயவுசெய்து தடுங்கள். வயிற்றிலிருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களின் தூண்டுதலால் மூக்கிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்திருக்கின்றன. சில வாரங்களில் தாமாக அடங்கிவிடும். பிதுக்கினால் கிருமி புகும். மூக்கு எடுப்பாகப் போவதுமில்லை. கன்னத்தில் முத்துப்போல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள் அல்ல, தோலுக்கடியில் சிக்கிய கெரட்டின் என்ற தோல் புரதம். அவையும் தானே மறையும்.

திருப்பரங்குன்றம்: அப்படியானால் எதற்குத்தான் பயப்படுவது?

எரிச்சலோடு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது வைரஸாக இருக்கலாம், பரவும். நாக்கிலோ கன்னத்தின் உள்ளேயோ தயிர்போல் படிந்து, துடைத்தால் சிவக்கும் வெண்படலம் பூஞ்சையாக இருக்கலாம். நடுவில் குழி விழுந்த பருக்கள் பாலுண்ணி. தலையில் பிறவியிலிருந்தே முடி முளைக்காத மஞ்சள் திட்டு இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

திருமங்கலத்துத் தாய் மீண்டும்: பார்த்தேன் டாக்டர், எனக்கும் இருக்கிறது! லேசரில் எடுத்துவிடலாமா?

எடுக்கலாம்தான். இத்தனை வருடம் கண்ணில் படாததற்காக எதற்கு அம்மா தழும்பு?